பாட்டு நிற்கக் கூடாத வீடு

கொழும்புத்துறையில் அந்த வீட்டுப் படலையைத் திறந்தபோது நேரம் பிற்பகல் இரண்டேகால். கார்த்திகை மாதம். காலையில் பெய்த மழை விட்டிருந்தது, இருட்டு விடவில்லை. கடலேரிப் பக்கமிருந்து பாசி அழுகிய வாடை வந்தது. வளவில் ஒரு பைபர் படகு குப்புறக் கிடந்தது. அதன் முன்பக்கம் பிளந்திருந்தது.

என் பெயர் கஜீபன். சொந்த ஊர் புத்தூர். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருடமாகப் பழுது பார்க்கிறேன். அந்த வீட்டிலிருந்து இரண்டு கிழமைக்குள் பதினொரு முறைப்பாடுகள் வந்திருந்தன. எல்லாம் ஒன்றுதான். பாட்டுப் போட்டால் இடையில் நிற்கிறது, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் இருவர் தனித்தனியே போய்ப் பார்த்துவிட்டுப் பழுதில்லை என்று எழுதியிருந்தார்கள். இருவரும் போனது காலை நேரத்தில்.

பன்னிரண்டாவது முறைப்பாட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு முன்னமே ஆள் அனுப்பச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டிருந்தார்கள்.

பாட்டுக் கேட்பதற்கு யாராவது கும்பிடுவார்களா என்று அலுவலகத்தில் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

கதவைத் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றியிருந்தார். பெயர் அருமைநாயகி என்று முறைப்பாட்டுத் தாளில் இருந்தது. அவர் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"வாங்கோ தம்பி. மூண்டு மணிக்கு முதல் சரிப்படுத்திப் போடுவியளோ?"

முன்னறையில் அந்தோனியார் சுரூபமும் ஒரு இரும்பு அலுமாரியும் இருந்தன. அலுமாரிக்குப் பின்னால் றவுட்டரை ஒளித்து வைத்ததுபோல் வைத்திருந்தார்கள். அதற்குப் பக்கத்துக் கதிரையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தலை வாராமல் இருந்தார். அருமைநாயகியின் மகள் ஜெசிதா. நான் வந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் ஒரு இளைஞன் கட்டிலில் இருந்தான். தலையணையில் ஒரு போன் கிடந்தது. நான் தலையாட்டினேன், அவனும் ஆட்டினான். பிறகுதான் அவன் காலைப் பார்த்தேன். நைலோன் கயிற்றால் கட்டில் காலோடு கட்டியிருந்தார்கள். கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது.

நான் பையைத் தூக்கினேன். இது பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம், எனக்குரியதல்ல என்று நினைத்தேன். அருமைநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த கை. ஆனால் விடுவிக்க முடியவில்லை. கட்டச் சொன்னதே அவன்தான் என்றார். அந்த இளைஞன், அவருடைய மகன் கொலின்ஸ், ஆமென்று மெல்லத் தலையசைத்தான்.

அவர் காற்றுக் குரலில் சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்கிறேன்.

ஜெசிதாவின் கணவன் றஞ்சித்தும் கொலின்சும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். இருபத்தாறு நாளைக்கு முன் தீவுகளுக்கு அப்பால் போயிருந்தபோது பின்னேரம் மூன்று மணிக்குச் சுழல்காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது. மறுநாள் விடிய, குருநகர்ப் படகுக்காரர் கொலின்சைக் கண்டெடுத்தார்கள். ஒரு வெற்றுப் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்திருக்கிறான். இரண்டு நாள் கழித்துப் படகு ஒதுங்கியது. றஞ்சித் ஒதுங்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்குக் கொலின்ஸ் கட்டிலை விட்டு எழும்பிக் கடலேரிக்குள் நடந்தான். அத்தான் விசிலடிக்கிறார், கூப்பிடுகிறார் என்றானாம். இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த நாளும் போனான். அதற்கடுத்த நாள் அவர்கள் போய்ப் பிடித்தபோது தண்ணீர் அவன் நாடிவரை வந்துவிட்டது. கண் இமைக்கவே இல்லையாம். மூன்று மணிக்குத் தொடங்கினால் இருட்டும்வரை அந்தச் சீழ்க்கை அவனுக்குக் கேட்கும். இருட்டியதும் நின்றுவிடும். டொக்டர் குளிசை கொடுத்தார். இரவில் நித்திரை வந்தது. மூன்று மணியைக் குளிசை தடுக்கவில்லை.

பாட்டு மட்டும்தான் தடுத்தது. காதருகே யாராவது பாடிக்கொண்டிருந்தால் கொலின்ஸ் அசையாமல் இருந்தான்.

"அதுக்கும் ஒரு கரைச்சல் தம்பி," என்றார் அருமைநாயகி. "றஞ்சித்துக்கு ஒருக்காக் கேட்ட பாட்டு அப்பிடியே வரும். முழுக்க விசிலடிப்பான். இஞ்சை இண்டைக்குப் போட்ட பாட்டு நாளைக்குக் கடலுக்குள்ளை இருந்து வருதாம். பிறகு அந்தப் பாட்டே இவனைக் கூப்பிடுது."

ஆகவே ஒவ்வொரு நாளும் புதுப் பாட்டு வேண்டும். தொடக்கத்தில் அவரே பாடியிருக்கிறார். கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாம் தீர்ந்தபின் சொந்தமாக இட்டுக்கட்டிப் பாடியிருக்கிறார். தினமும் மூன்றரை மணித்தியாலம். பதினோராம் நாள் தொண்டையில் இரத்தம் வந்து குரல் போய்விட்டது. அதன்பிறகுதான் இந்த இணைப்பை எடுத்தார்கள். அதுவும் இப்போது நின்று நின்று பாடுகிறது.

நான் நம்பினேனா? இல்லை. கடலில் பெரிய அதிர்ச்சி அடைந்த பையன், நல்ல வைத்தியம் வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு தாய் தொண்டை கிழியப் பாடியது பொய்யல்ல. பாட்டு நிற்காமல் செய்வது என் தொழில். அதையாவது செய்துவிட்டுப் போகலாம் என்று பையைக் கீழே வைத்தேன்.

றவுட்டரை இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்தால் சிக்னல் பாதி செத்துவிடும். அதை எடுத்து யன்னலோரம் உயரத்தில் வைத்தேன். ஜெசிதாவின் போனும் அதே இணைப்பில் வீடியோக்களைத் தானாக இறக்கிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினேன். கொலின்சின் போனில் பின்னால் ஓடிய செயலிகள் எல்லாவற்றையும் மூடினேன். பாட்டின் தரத்தை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, இணைப்புக்குப் பாதிச் சுமை குறையும்.

இன்னொன்றும் கண்டேன். அவர்கள் காசில்லாத கணக்கில் பாட்டுக் கேட்டார்கள். இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை விளம்பரம் வரும். அதை வேறோர் இடத்திலிருந்து எடுக்கப் போகும்போதும் வட்டம் சுற்றும். என்னிடம் அதே செயலியில் கட்டணக் கணக்கு இருந்தது. அதைக் கொலின்சின் போனில் திறந்துவிட்டேன். பாட்டுகளை இறக்கி வைத்தால் இணைப்பே தேவையில்லை என்று முயன்றும் பார்த்தேன். பழைய போன், ஒரு பாட்டுக்குக்கூட இடமில்லை. நாளைக்கு ஒரு மெமரி கார்ட் கொண்டுவந்து ஐந்நூறு பாட்டுப் போட்டுத் தருகிறேன் என்றேன். அருமைநாயகி என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடைசியாக றவுட்டரின் பதிவேட்டைத் திறந்தேன். எந்த நேரத்தில் இணைந்தது, எந்த நேரத்தில் அறுந்தது என்று அதிலே இருக்கும்.

இணைப்பு ஒரு நாளும் அறுந்திருக்கவில்லை. கருவிதான் அணைந்திருந்தது. தினமும் மூன்று ஐந்து, மூன்று எட்டு என்று அந்த நேரத்தில் அணைந்து, நாலைந்து நிமிடம் கழித்து மறுபடி எரிந்திருந்தது. சொக்கெற்றில் பிடிமானம் சரியில்லை போல என்று நினைத்து அழுத்திப் பார்த்தேன். அது இறுக்கமாகத்தான் இருந்தது.

மணி மூன்றானது.

அருமைநாயகி பாட்டை ஓட விட்டார். போன் தலையணையில் இருந்தபடி உரக்கப் பாடியது. கொலின்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது இடைவெளியில்லாமல் வந்தது. நான் திரையைப் பார்த்தபடி கட்டிலருகே நின்றேன்.

மூன்று ஏழுக்கு வட்டம் சுற்றியது.

முன்னறைக்கு ஓடினேன். றவுட்டர் இருட்டாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜெசிதா கதிரையில் இருந்தார். ஒளிக்கவில்லை. தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பிளக்கைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் பொறுங்கோ அண்ணை," என்றார். "அவர் கூப்பிடுறாராம். தம்பிக்குக் கேக்குது. எனக்கு ஏன் கேக்கேல்லை? உந்தப் பாட்டு நிண்டால் எனக்கும் கேக்கும்."

வாசலில் அருமைநாயகி நின்றார். இரண்டு கிழமையாகப் பாட்டை நிறுத்தியது யார் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மகளை ஏசவில்லை. ஏசக் குரலும் இல்லை. நிலத்தில் இருந்துவிட்டார்.

நான் பிளக்கைப் பறித்து மாட்டினேன். றவுட்டர் விழித்தெழ இரண்டு நிமிடம் எடுக்கும். அந்த இரண்டு நிமிடமும் உள்ளறையில் கட்டில் நிலத்தில் உராயும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். கொலின்ஸ் எழும்பி நின்று, காலில் கட்டிய கயிற்றோடு கட்டிலையே இழுத்துக்கொண்டு யன்னல்வரை வந்திருந்தான். கணுக்காலிலிருந்து இரத்தம் வழிந்தது. அவன் முகத்தில் வலி இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது பிள்ளை எழும்பி நிற்குமே, அப்படி நின்றான்.

பாட்டு மறுபடி தொடங்கியது. அவன் முழங்கால் மடிந்து அப்படியே கீழே இருந்தான்.

எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அதன்பிறகு ஒரு மணித்தியாலம் எல்லாம் சரியாகப் போனது. நான் போயிருக்கலாம். போகவில்லை. றவுட்டருக்குக் காவலாக அருமைநாயகி இருந்தார். கொலின்சுக்குக் காவலாக நான். ஜெசிதா குசினிப் படியில் தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார். வீட்டின் பின்பக்கத்திலிருந்து கடலேரி முப்பது நாற்பது அடி தூரம்தான்.

நாலு மணி தாண்டியதும் காற்று எழுந்தது. விறாந்தைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. சற்று நேரத்தில் கரண்ட் போனது.

கொலின்சின் போனை அதன் சொந்த டேட்டாவுக்கு மாற்றினேன். இரண்டு கோடுதான் காட்டியது. பாட்டின் தரத்தை ஆகக் குறைந்ததுக்கு இறக்கினேன். பாடகியின் குரல் தகரப் பேணிக்குள் இருந்து வருவதுபோல் ஆனது. பரவாயில்லை, நிற்காமல் இருந்தால் போதும். போனை யன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். மழை என் முழங்கைவரை நனைத்தது.

வட்டம் சுற்றியது. பாட்டு வந்தது.

மறுபடி வட்டம். மறுபடி பாட்டு, இரண்டு வரி.

ஊரே கரண்ட் இல்லாமல் ஒரே நேரத்தில் போனைத் தூக்கியிருக்கும். கோபுரம் தாங்காது. என் போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு கோடும் இல்லை. ஒன்பது வருடம் இந்தத் தொழிலில் கற்ற எல்லாம் தீர்ந்துவிட்டது. அருமைநாயகி என் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து பாட முயன்றார். காற்று மட்டும் வந்தது. காற்றோடு உதட்டில் சிவப்பும் வந்தது.

போனில் ஒரு புதுப் பாட்டுத் தொடங்கியிருந்தது. நான் ஒரு நாளும் கேட்டறியாத பாட்டு. ஒரு வரியின் நடுவில், சொல் முறிந்து, நின்றது.

வட்டம் சுற்றியது.

சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து மழை நின்றது. காற்றும் நின்றது. தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீரும் நின்றதுபோல் இருந்தது. அப்படியொரு அமைதியை நான் எந்த ஊரிலும் கேட்டதில்லை.

பிறகு, கடலேரிப் பக்கமிருந்து, சீழ்க்கை.

மெல்லியது. ஈரமானது. உதடு வெடித்தவன் அடிப்பதுபோல் இடையிடையே காற்றுப் போனது. அது பாட்டை அந்த முறிந்த சொல்லிலிருந்து எடுத்தது. எங்கே நின்றதோ அங்கேயிருந்து தொடர்ந்து பாடியது.

புதுப் பாட்டு அது. அந்த வீட்டில் அதுவரை யாருமே கேட்டிராத பாட்டு.

என் கை மரத்துப்போனது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அருமைநாயகி என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினேன். கட்டிலில் யாரும் இல்லை. போனும் என் கையில் இல்லை. கயிறு கட்டில் காலடியில் கிடந்தது. அறுக்கவில்லை. யாரோ முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்திருந்தார்கள்.

பின்கதவால் ஓடினேன்.

கொலின்ஸ் தண்ணீரில் முழங்கால் அளவில் நடந்துகொண்டிருந்தான். போன் அவன் கையில் இருந்தது. அவனுக்குப் பின்னால், அவன் தோளைத் தொட்டபடி, ஜெசிதா போனார்.

"கூட்டிக்கொண்டு போடா," என்று அவர் சொல்வது கேட்டது. "அவர் எங்கை நிக்கிறார் எண்டு காட்டு. காட்டிப்போட்டு நீ வா."

கடலேரி அங்கே ஆழமில்லை. கன தூரம் இடுப்பளவுதான் இருக்கும். அடியில் பாசியும் சேறும் காலைப் பிடித்தன. நான் அவர்களை எட்டியபோது தண்ணீர் எங்கள் இடுப்புக்கு வந்திருந்தது. சீழ்க்கை முன்னால் இருந்து வந்தது. முன்னால் ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் தண்ணீரும் அதே நிற வானமும்தான். நான் கொலின்சின் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். அவன் என்னை உதறவில்லை. நடக்காமல் நின்றான்.

"அக்கா," என்றான். அன்றைக்கு அவன் பேசிய முதல் சொல் அது. "அத்தான் அண்டைக்கும் உப்பிடித்தான் விசிலடிச்சவர். நான் எங்கை எண்டு கேட்டு. நான் ஒரு குரல் குடுத்திருந்தால் நீந்தி வந்திருப்பார்."

ஜெசிதா அவனைப் பார்த்தார்.

"நான் குரல் குடுக்கேல்லை அக்கா. கான் ஒண்டுதான் இருந்தது. ரெண்டு பேரைத் தாங்காது எண்டு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தனான்."

"எவ்வளவு நேரம் கூப்பிட்டவர்?"

"இருட்டும் வரைக்கும்."

நான் அவனை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். ஜெசிதா அவனைத் தண்ணீருக்குள் அமுக்கிவிடுவார் என்றே நினைத்தேன். அந்த நேரம் அவர் அப்படிச் செய்திருந்தால் எனக்குத் தடுக்கும் பலமும் இருந்திராது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கும் கேக்குதோ?"

பொய் சொல்லியிருக்க வேண்டும். நான் ஆமென்று தலையசைத்தேன்.

கணவன் செத்த விதத்தைக் கேட்டபோது அழாத பெண் அதற்குத்தான் அழுதார். முன்பின் தெரியாத ஒரு பழுது பார்ப்பவனுக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்தார். எங்களைத் தாண்டிப் போய், தம்பிக்கும் கடலுக்கும் நடுவில் நின்றார். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்திருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றார். அடுத்த அறையில் இருப்பவரோடு கதைப்பது போல. "அவனை விடுங்கோ. பயந்துபோனான். அம்மாவுக்கு அவன் ஒருத்தன்தான். கூப்பிடுறதெண்டால் என்னைக் கூப்பிடுங்கோ. நான் கேப்பன்."

சீழ்க்கை நின்றது.

வரியின் நடுவில், சொல் முறிந்து, நின்றது.

கோபுரம் அந்த நேரத்தில்தான் மீண்டிருக்க வேண்டும். கொலின்சின் கையிலிருந்த போன் தானாகப் பாடத் தொடங்கியது. போன் முன்பு விட்ட இடத்திலிருந்து பாடகியின் குரல் அந்த வரியை எடுத்தது. பத்து நிமிடத்துக்கு முன் தண்ணீரிலிருந்து நான் கேட்ட அதே மெட்டு. ஒரு நெளிவு பிசகவில்லை. கொலின்ஸ் தணலைத் தொட்டவன்போல் கையை உதறினான். போன் தண்ணீரில் விழுந்தது. திரை வெளிச்சம் பாசிக்குள் இறங்கிப் போவது தெரிந்தது. பாட்டும் கீழே கேட்டது, கொஞ்ச நேரம்.

மூவருமாகக் கரைக்கு வந்தோம். கரையில் அருமைநாயகி முழங்காலில் நின்றார். செபமாலை கையில் இருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு நான் மெமரி கார்ட்டோடு போனேன். தேவைப்படவில்லை. மூன்று மணி வந்தது, போனது. கொலின்சுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அழுதான், சோறு கேட்டான், சாப்பிட்டான். அந்தக் கிழமையே அருமைநாயகி அவனைக் கொக்குவிலில் தன் உறவினர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத இடம். இப்போது ஆஸ்பத்திரிக்கு ஒழுங்காகப் போகிறான், பேசுகிறான் என்று அறிந்தேன். ஜெசிதாவையும் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். தம்பியோடு கோபமில்லை, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றாராம்.

அவ்வளவில் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எட்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, வேலைக்கிடையில் பாட்டுக் கேட்கலாம் என்று என் செயலியைத் திறந்தேன். என் கணக்கு வேறொரு கருவியில் பாடிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. கருவியின் பெயர்: கொலின்ஸ்.

மணியைப் பார்த்தேன். மூன்று பத்து.

அந்தக் கருவியைக் கணக்கிலிருந்து நீக்கினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மறுபடி வந்தது. ஆறரைவரை ஓடியது. எல்லாம் நான் கேட்டிராத பாட்டுகள். ஒன்றுகூட இரண்டாம் தரம் வரவில்லை. நான் மூன்றரை மணித்தியாலமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட வட்டம் சுற்றவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்து றவுட்டரை எடுத்துவரச் சொல்லி அலுவலகத்தில் தாள் கொடுத்தார்கள். கேட்டது ஜெசிதா. காலையில் போக வேண்டுமென்று நினைத்தும் வேறு வேலைகள் இழுத்து, நான் படலையைத் திறந்தபோது மூன்று மணிக்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன.

ஜெசிதா தலை வாரிப் பூ வைத்திருந்தார். நல்ல சேலை. றவுட்டரைத் துடைத்துக் கடதாசியில் சுற்றி ஆயத்தமாக வைத்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, கொக்குவிலுக்கு, அம்மாவிடம் போய்விடச் சொன்னேன், மோட்டார் சைக்கிளில் இப்போதே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"இப்ப எனக்கும் கேக்குது அண்ணை," என்றார். அவ்வளவு சந்தோசமாக. "நிக்காமல் கேக்குது."

மணி மூன்று அடித்தது.

அவர் குசினிப் படியில் போய் இருந்தார். கடலேரி அசையாமல் கிடந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காகம்கூடக் கத்தவில்லை. ஜெசிதா மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார்.

நான் போனை எடுத்துச் செயலியைத் திறந்தேன். கொலின்ஸ் என்ற கருவியில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டின் சொற்கள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. எந்த வரி இப்போது பாடப்படுகிறதோ அந்த வரி வெள்ளையாக ஒளிரும்.

ஜெசிதா பாடியதும் அதே பாட்டுத்தான். ஆனால் ஒளிர்ந்த வரியை அவர் பாடவில்லை. அதற்கு அடுத்ததை, இன்னும் இருட்டாக இருந்த வரியைப் பாடினார். அவர் பாடி முடித்த பிறகுதான் அது என் கையில் ஒளிர்ந்தது. அடுத்த வரியும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அவர் திரும்பவில்லை. பாட்டை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார்.

"ஓம்," என்றார் தண்ணீரைப் பார்த்து. "வாறன்."